மூன்று மூலைகள் எழும்பிய வீடு

துப்பாக்கியை ஒப்படைத்த வீடுகள் அஸ்திவாரத்திலிருந்து ஒரு சாண் மேலே எழும்பின. இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருடம் அக்டோபர் முதல் சனிக்கிழமை, டர்பின் ஃபால்ஸ் புனித காசிமிர் ஆலயத்தின் கீழ்க்கூடத்தில் காவல்துறை துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு கடைக் கூப்பன் கொடுத்தது. ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பியவர்கள், கல்லுக்கும் மரச்சுவருக்கும் இடையில் காற்று ஓடுவதைக் கண்டார்கள். நிலவறைகளில் முதல் தடவையாக வெயில் விழுந்தது. தண்ணீர்க் குழாய்கள் உடையவில்லை, பிசைந்த மாவைப் போல நீண்டு கொடுத்தன. நகராட்சிப் பொறியாளர் வந்து, ஒரு நீளக் கம்பை வீட்டின் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, அளந்து எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் தச்சர்கள் வாசலில் ஒரு படி கூடுதலாக வைத்தார்கள். நூற்று நாற்பது வருடம் துப்பாக்கி செய்த ஊர் அது. தொழிற்சாலை மூடி ஏழு வருடம் ஆகியிருந்தது. வீடுகளுக்குள் எவ்வளவு கனம் தங்கியிருந்தது என்று யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஆகவே யாரும் பெரிதாக ஆச்சரியப்படவும் இல்லை. இப்படி முப்பத்தெட்டு வீடுகள், சில மட்டும் கொஞ்சம் பிந்தி, முழுசாக எழும்பின. முப்பத்தொன்பதாவது வீடு ப்ரோனியா சாடோவ்ஸ்கியுடையது. அதில் மூன்று மூலைகள் மட்டும் எழும்பின.

ப்ரோனியாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். அவள் கொண்டுபோனது பித்தளை உடல் கொண்ட பழைய ரைஃபிள். மறைந்த கணவன் ஸிக்மண்டின் அப்பா வீட்டை வாங்கியபோது சுவருக்குள்ளிருந்து எடுத்தது. அன்று முதல் வரவேற்பறைச் சுவரில் தொங்கிற்று. அதைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற பக்கத்து வீட்டு ஜாட்ஸியா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவர்களுடைய பெற்றோர் பேசிய போலிஷ் மொழியில் 'ப்ரோன்' என்றால் ஆயுதம்.

"உன் பேர்லயே ஆயுதம் இருக்குடி. உன்னையும் சேத்து மேசையில படுக்க வெச்சா ரெண்டு கூப்பனாக் குடுப்பாங்க."

"உன்னைக் குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க. வாய் மட்டும்தான் வேலை செய்யுதுன்னு."

மேசையில் இருந்த சார்ஜென்ட் ரொசாட்டி பழைய துப்பாக்கிகள் பற்றிப் படிப்பவர். ப்ரோனியாவின் மகன் டாடெக்குடன் ஒரே வகுப்பில் படித்தவரும்கூட. கம்பளியை விலக்கியதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தொழிற்சாலைச் சோதகர் அடித்த இரண்டெழுத்து முத்திரை, அதன் கீழே எண்: நாற்பத்தொன்று.

"மிஸஸ் சாடோவ்ஸ்கி, இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். டிவிக்கு மேல தொங்கும். தூசி தட்டித் தட்டி என் தோள்பட்டை போச்சு."

"நம்ம ஊர்ல செஞ்ச முதல் நூறுல ஒண்ணு இது. மியூசியத்துல கண்ணாடிப் பெட்டி செஞ்சு வெப்பாங்க. இதைப் போயி உருக்குனா எனக்குத் தூக்கம் வராது."

"தூக்கம் வரலேன்னா ரோந்து போங்க சார்ஜென்ட். சீட்டுல கையெழுத்துப் போடுங்க."

வாங்கியதெல்லாம் உருக்கப்படும், யாரிடமும் காரணம் கேட்கப்படாது என்று சுவரொட்டியிலேயே எழுதியிருந்தது. அந்த இரண்டாவது வரிக்காகத்தான் ப்ரோனியா வந்திருந்தாள். நாற்பத்தாறு வயது டாடெக், தொழிற்சாலையும் திருமணமும் போனபின், போன வசந்தத்தில் இரண்டு பைகளோடு வீட்டுக்குத் திரும்பி, வடகிழக்கு மூலையில் இருந்த தன் பழைய அறைக்குள் போனவன். கோடையில் ஒரு நாள் தன் வேட்டை உடுப்புகளை யாருக்கோ கொடுத்தான். பிறகு தன் கடிகாரத்தைக் கொடுத்தான். பிறகு ஒரு காலை அம்மாவைப் பார்த்து, நீ தனியா இருந்தா சமாளிச்சுப்பியா மா, என்று மழையைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டான். ப்ரோனியா, பாத்திரத்தைத் துடை, என்றாள். அதற்குப்பின் அவள் சுவரில் தொங்கியதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மகன் செத்துப்போய்விடுவான் என்ற சொற்கள் அவளுக்குள் ஒருமுறைகூட முழு வாக்கியமாக ஓடியதில்லை. பாதி ஓடும்போதே அவள் தூசித்துணியை எடுத்துவிடுவாள்.

வீடு சாய்ந்த நாளிலிருந்து உருண்டையான எல்லாம் வடகிழக்கு நோக்கி உருண்டன. முட்டை, பொத்தான், நூல்கண்டு, அவளுடைய தைராய்டு மாத்திரை எல்லாம் சமையலறையிலிருந்து கூடம் வழியாக ஓடி, டாடெக்கின் மூடிய கதவில் முட்டி நின்றன. அவன் கதவுதான் வீட்டின் பள்ளம். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ப்ரோனியா அங்கே போய்க் குனிந்து பொறுக்கினாள். உள்ளே கட்டில் கிரீச்சிடும். கிரீச்சிடாதபோது, அது கிரீச்சிடும்வரை அவள் ஒரு பொத்தானைத் தேடுவதுபோல அங்கேயே குனிந்திருந்தாள்.

சாய்ந்தது அவள் வீடு மட்டும் அல்ல, அந்த முப்பத்தெட்டிலும் ஏழு வீடுகள் முதல் வாரம் சாய்ந்துதான் நின்றன. காரணம் ஊருக்குத் தெரியும். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் துப்பாக்கியின் ஒவ்வொரு உறுப்பாகச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து, மெழுகுத்தாளில் சுற்றி, ரொட்டி ஓரங்களுக்கு அடியில் மறைத்து, வாசல் காவலனைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு வருடத்தில் ஒரு கைத்துப்பாக்கி சேர்ந்துவிடும். அதற்கு எண் இருக்காது, எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஊரில் அதற்குப் பெயர் மதியச் சாப்பாடு. அவன் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு இருக்கிறது என்றால் எல்லோருக்கும் புரியும். எண் உள்ளவற்றைக் கொடுத்தவர்கள், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாகவே உண்மையாக நம்பினார்கள். மதியச் சாப்பாட்டைத் துப்பாக்கி என்று நினைக்கும் பழக்கம் அந்த ஊருக்கு இருந்ததில்லை. வீடு சாய்ந்தபின் ஏழு குடும்பங்களும் தலையில் அடித்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குப் பெட்டியோடு போய்வந்தன. ஏழு வீடுகளும் நேராயின.

ப்ரோனியாவிடம் வேறு காரணம் இருந்தது. ரொசாட்டி அந்த ரைஃபிளை உருக்க அனுப்பாமல் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, விலக்குக் கேட்டு மாநிலத் தலைநகருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஆகவே அது பாதிதான் போயிருக்கிறது, ஆகவே மூலை தூக்கவில்லை என்று ப்ரோனியா சொன்னாள். ஜாட்ஸியா, இருக்கும், என்றாள். ஊரும் இருக்கும் என்றது. ஸிக்மண்ட் செய்த மதியச் சாப்பாடு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அதை ஆற்றில் போட்டுவிட்டேன் என்று அவன் ஒரு தடவை சொல்லியிருந்தான். ப்ரோனியா அந்த ஒரு தடவையை இருபது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தாள்.

மூன்றாவது வாரம் அவள் காவல் நிலையத்துக்குப் போனாள்.

"உருக்கிடுங்க சார்ஜென்ட்."

"பதில் வரட்டும் மிஸஸ் சாடோவ்ஸ்கி. கிட்டத்தட்ட நூத்தம்பது வருஷம் தாக்குப் பிடிச்சிருக்கு. இன்னும் ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?"

"வீடு சாயுது."

"ஜாக்கி வெச்சு நிமித்திடலாமே. என் மச்சான் வருவான், அரை நாள் வேலை."

"நிமித்திட்டா எனக்குத் தெரியாமப் போயிடும்."

"என்ன தெரியாமப் போயிடும்?"

தான் சொன்னதை அவளே அப்போதுதான் கேட்டாள். ரொசாட்டி, டாடெக் எப்படி இருக்கான் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல், அலமாரிச் சாவியை எடுத்தார்.

அடுத்த ஊரின் வார்ப்பாலையில் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதை உருக்கினார்கள். உலை முன்னால் ரொசாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரும்பு ஒரு பக்கமும் பித்தளை ஒரு பக்கமுமாக, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிபோல, தனித்தனியாக ஓடின. துப்பாக்கியின் வால்நட் மரக்கட்டை எரிந்த வாசனை டர்பின் ஃபால்ஸ் வரைக்கும் வந்தது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் யார் கொட்டை ரொட்டி சுடுகிறார்கள் என்று பெண்கள் சன்னலைத் திறந்து பார்த்தார்கள். அந்த எண்ணுள்ள துப்பாக்கி உலகத்தில் இனி இல்லை. அதிலிருந்து சாக்கடை மூடி ஒன்று செய்தார்கள். அது இப்போதும் மெயின் தெருவில் இருக்கிறது.

பத்து மணிக்கு ப்ரோனியா சமையலறை மேசைமேல் ஒரு முட்டையை வைத்துக் கையை எடுத்தாள். முட்டை நின்றது. மூச்சு விடாமல் பார்த்தாள். பிறகு அது மெல்ல அசைந்து, மேசை ஓரத்துக்கு வந்தது. அவள் அதைப் பிடித்துத் தரையில் வைத்தாள். அது கூடம் வழியாக, அவசரம் எதுவும் இல்லாமல், டாடெக்கின் கதவுவரை உருண்டுபோய் நின்றது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இனி வேறு காரணம் இல்லை. எழுபத்தெட்டாம் வருடம் நினைவுக்கு வந்தது. காலையில் அவள்தான் ஸிக்மண்டின் பெட்டியைக் கட்டுவாள்: ரை ரொட்டி, கீல்பாசா என்கிற போலிஷ் தொத்திறைச்சி, ஒரு ஆப்பிள். மாலையில் அவள்தான் அதை வாங்கிக் கழுவுவாள். போகும்போது இருந்ததைவிட வரும்போது பெட்டி கனமாக இருந்தது. பதினான்கு மாதம் அப்படி இருந்தது. அவள் ஒரு நாளும் என்ன என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை அவள் பண்பு என்று நினைத்திருந்தாள், கணவனும் அப்படித்தான் நினைத்தான். அந்தக் கனம் தன் கை வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது, ஆற்றுக்குப் போகவே இல்லை, இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மகனோடு இருக்கிறது. 'ப்ரோன்' என்று அவளுடைய அம்மா வாசலில் நின்று கூப்பிடுவாள். அது ஆயுதம் மட்டும் அல்ல. அதே சொல்லுக்குக் காப்பாற்று என்றும் பொருள் உண்டு. கடவுளிடம் அப்படித்தான் கேட்பார்கள். அம்மா எந்தப் பொருளில் கூப்பிட்டாள் என்று ப்ரோனியா அதுவரை யோசித்ததில்லை.

ஸிக்மண்டின் பெட்டி நிலவறையில் இருந்தது. கறுப்புத் தகரம், வளைந்த மூடி. அதைக் கழுவி, ரை ரொட்டியும் கீல்பாசாவும் ஒரு ஆப்பிளும் வைத்து, கதவின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். முழங்கால் வலித்ததால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"டாடெக். சாப்பாடு வெச்சிருக்கேன்."

"பசிக்கல மா."

"உங்கப்பா பெட்டி போறப்போ லேசா இருக்கும், வர்றப்போ கனக்கும். நான் ஒரு நாளும் கேக்கல. நீ சமாளிச்சுப்பியான்னு கேட்டியே, அன்னிக்கும் நான் கேக்கல. பாத்திரம் துடைக்கச் சொன்னேன்."

பெட்டியைக் கதவுக்கு இன்னும் பக்கத்தில் தள்ளினாள்.

"சமாளிக்க மாட்டேன். அதான் பதில். லேட்டாச் சொல்றேன்."

கட்டில் கிரீச்சிட்டது.

"அது உள்ள எப்படி வந்துச்சோ அப்படியே வெளிய போகட்டும்டா. ஒரே நாள்ல வேணாம். நான் தினமும் கட்டி வெக்கிறேன்."

வெகு நேரம் கழித்து அவன் குரல் வந்தது. கதவுக்கு மிகப் பக்கத்தில், தரைமட்டத்தில் இருந்து வந்தது. அவனும் உட்கார்ந்திருந்தான்.

"கீல்பாசாவுல கடுகு தடவுனியா?"

"தடவுனேன்."

மறுநாள் காலை பெட்டி கதவுக்கு வெளியே இருந்தது. ரொட்டி பாதி தின்னப்பட்டிருந்தது. ஓரங்களுக்கு அடியில், மெழுகுத்தாளில் மடித்து, ஒரே ஒரு திருகாணி இருந்தது. ப்ரோனியா அதை அப்படியே எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தாள். ரொசாட்டி பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, இன்னிக்குக் குளிரு ஜாஸ்தி, என்றார். அவள், ஆமாம், என்றாள். இரண்டாம் நாள் இன்னொரு திருகாணி. நான்காம் நாள் பிடியின் மரத்தகடு ஒன்று. பிறகு ஆறு நாள் வெறும் ரொட்டி ஓரங்கள்தான். அந்த ஆறு நாளும் ப்ரோனியா அதே மாதிரி கட்டி வைத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பின்னினாள். பேச எதுவும் இல்லாதபோது நூல்கண்டை உருளவிட்டாள். அவன் கதவுக்கு அடியிலிருந்து அதைத் திருப்பித் தள்ளினான். அதற்கு மறுநாள் சுருள்வில் வந்தது. அதற்கடுத்த வாரம் குண்டுகள் இருக்கும் உருளை வந்தது, காலியாக. குண்டுகள் தனியாக ஆப்பிள் தோலில் சுற்றியிருந்தன. குழல் வந்த அன்று வடகிழக்கு மூலை ஒரே மூச்சில் மூன்று விரற்கடை எழும்பி, அலமாரித் தட்டுகள் எல்லாம் கிணுகிணுத்தன. ரொசாட்டி பெட்டியைக் கையில் வாங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, சாயங்காலம் வந்து அவனைப் பாக்கட்டுமா, என்று கேட்டார். சாப்பிட வாங்க, என்றாள். வந்தார். இருவரும் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரைப் பற்றி மட்டும் பேசினார்கள். அடுத்த திங்கட்கிழமை அவனைத் தன் காரில் மருத்துவரிடம் கூட்டிப்போனவரும் அவர்தான். அன்றிலிருந்து திங்கட்கிழமைகள் அதற்கென்று ஆயின.

பத்தொன்பது நாளில் எல்லாம் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. குண்டைத் தட்டும் சிறு ஊசி மட்டும் வரவில்லை. மூலை ஒரு தீக்குச்சிக் கனத்துக்குத் தாழ்ந்தே நின்றது. ப்ரோனியா இரண்டு வாரம் காத்திருந்து, பிறகு கேட்டாள். இப்போது அவளால் கேட்க முடிந்தது.

"அது என்கிட்டயே இருக்கட்டும் மா. அது மட்டும் இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும். எதுக்குடா வெச்சிருக்கே?"

"எல்லாமே சரியாப் போச்சுன்னு சொன்னா அது பொய். அதுக்குத்தான்."

"சரி. ஆனா முட்டை உருண்டா நீதான் வந்து பிடிக்கணும். எனக்கு முழங்கால் முடியாது."

நகராட்சிப் பொறியாளர் அடுத்த வருடம் மறுபடி அளக்க வந்தார். முப்பத்தொன்பது வீடுகள் எழும்பியுள்ளன, அவற்றில் ஒன்றுக்கு வடகிழக்கு மூலை சற்றுத் தாழ்வு, பாதகமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். சாப்பாட்டு மேசையின் ஒரு காலுக்கு அடியில் ஆலயத்துச் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் முட்டை உருள்கிறது. மிக மெதுவாக உருள்கிறது. டாடெக் அறையிலிருந்து எழுந்து, திறந்திருக்கும் கதவைத் தாண்டி வந்து, குனிந்து எடுப்பதற்கு நேரம் போதும்.