நாற்பது நிமிட நிறுத்தம்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. மாடி வீட்டுக்காரி கேட்டது. "அக்கா, எனக்கு வாயால சொல்ல வரலை. நீங்க எழுதிக் குடுங்க. நான் டிரைவர் தம்பிகிட்ட குடுத்துடறேன்" என்றாள். தன் லாரியை ஓட்டுகிறவனைத் திருடன் என்று நினைத்துவிட்டாளாம். அவனுக்கு அது தெரியாது. தெரிந்தால் வேலையை விட்டுப் போய்விடுவானோ என்று பயம். தெரியாமலே இருந்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் எழுதுவதை மதித்துப் படிக்கிற கண்ணுகளா, உங்களிடம் மறைப்பானேன். மூன்று முறை தொடங்கினேன்.

"அன்று காலை மழை பெய்துகொண்டிருந்தது. லாரியின்" — மழை பெய்யவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாதபோதெல்லாம் என் கதைகளில் மழை பெய்யும்.

"சரக்குப் போக்குவரத்து என்பது ஒரு நாட்டின்" — இது நான் இல்லை. செய்தித்தாள்.

"அவளுக்கு லாரி ஓட்டத் தெரியாது, ஆனால் ஒரு லாரி அவளுடையது." இது இருக்கட்டும்.

2

அவளை எல்லோரும் மெஷினம்மா என்றே கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருடம் ஒரு தையல் ஆலையில் மெஷின்களைப் பழுது பார்த்தவள். சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். (என் வீட்டு மிக்சி ஓடுவதை மாடியிலிருந்தே கேட்டு, "பிளேடு தேஞ்சுபோச்சு அக்கா" என்று ஒருநாள் குரல் கொடுத்தாள். உண்மைதான்.)

ஆலை மூடியபோது கைக்கு வந்த தொகையை வங்கியில் போடச் சொன்னார் அவளுடைய அண்ணன். அவள் ஒரு பழைய லாரியை வாங்கினாள்.

"சைக்கிள்ல பின்னாடி உக்காரவே கண்ணை மூடிக்குவ. நீ லாரி ஓனரா?" என்று அண்ணன் கேட்டார்.

"காதைத் திறந்து வெச்சுக்கிட்டுதான் வாங்கினேன் அண்ணே. நல்ல இன்ஜின்."

ஓட்டுவதற்குச் சுருட்டை வந்தான். பட்டப்பெயர் வைத்த காலத்தில் தலையில் முடி இருந்திருக்கிறது. சாவியைக் கொடுத்த காலையில், முதலாளி என்றால் டிரைவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று மெஷினம்மா தவித்தாள். ஏதோ சொன்னாள்.

[சொன்னது: ____________ ]

என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. அதனால் இடம் விட்டிருக்கிறேன். விட்டிருப்பதை மறந்துவிடாதீர்கள்.

சோப்பு ஆலையில் சரக்கு ஏற்ற வேண்டும். ஏழு மணி நேரத் தொலைவிலுள்ள கிடங்கில் இறக்க வேண்டும். ஒரே பாதை, ஒரே வேலை. முதல் மாத வருமானத்தில் தன் முதுகுவலிக்கு ஒரு மெத்தை வாங்கினாள். அதில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "அக்கா, நான் படுத்திருக்கேன், என் வண்டி ஓடிக்கிட்டிருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இந்தக் கதையை எழுத ஒப்புக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

3

ஒன்பதாம் மாதம் சோப்பு ஆலையின் மேலாளர் கூப்பிட்டார். "உங்க வண்டி மட்டும் எப்பவும் முக்கால் மணி நேரம் லேட்டும்மா. இப்படியே போனா அடுத்த மாசம் வேற வண்டி பாத்துக்குவேன்."

அண்ணன் அந்த லாரியில், அது எங்கே போகிறது என்று காட்டும் ஒரு கருவியைப் பொருத்தச் செய்தார். அன்றிலிருந்து அவளுடைய லாரி, போனில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளி ஒவ்வொரு முறையும் பாதி வழிக்குமேல் ஒரே இடத்தில் நின்றது. நாற்பது நிமிடம். பிறகு நகர்ந்தது.

"டீசலை எடுத்து விக்கிறான். வேற என்ன?" என்றார் அண்ணன்.

"அந்தத் தம்பி அப்படிப்பட்ட ஆள் இல்லண்ணே."

"பக்கத்துல உக்காந்து பாத்தியா நீ?"

அவள் போனில் அந்தப் புள்ளியையே பார்த்தாள். ஓட்டத் தெரியாமல் வண்டி வாங்குகிறவர்களின் பாடு அதுதான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டால் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். புள்ளி சத்தம் போடாது.

இங்கே நான் ஒரு காட்சி எழுதினேன். "சுருட்டை இருபுறமும் பார்த்தான். டேங்க் மூடியைத் திருகி, ரப்பர் குழாயை" — என்னவொரு வேகத்தில் வந்தது தெரியுமா. என் கதைகளில் நல்லவர்களை எழுதத்தான் பேனா திணறும். ஆளைத் தெரியாமலே அவனைத் திருடனாக்க எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்தது. மெஷினம்மாவைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அவள் செய்தது இதுதான். டிரைவர் பிடித்துத் தரும் புரோக்கருக்குப் போன் போட்டு, "திங்கட்கிழமையிலருந்து வேற டிரைவர் வேணும்" என்றாள். புது ஆளின் நம்பரைச் சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

4

சனிக்கிழமை காலை சோப்பு ஆலை வாசலில் போய் நின்று, "நானும் வரேன் தம்பி" என்றாள். கையும் களவுமாகப் பிடிக்க.

"வாங்கம்மா. உங்க வண்டிதானே" என்று சுருட்டை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, ஏறுவதற்குக் கை கொடுத்தார். (இதுவரை "அவன்" என்று எழுதிவந்தேன். இனி மனம் ஒப்பவில்லை.)

முதல் ஒரு மணி நேரம் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"திறங்கம்மா. நான் திறந்துதான் வெச்சிருக்கேன்."

திறந்தாள். தன் வண்டி எவ்வளவு உயரம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலு மணி நேரம் ஆனதும், வழியோரம் மூடிக்கிடந்த ஒரு பழைய கிடங்கின் நிழலில் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு தலையணையையும் அட்டை கிழிந்த கதைப்புத்தகம் ஒன்றையும் எடுத்தார். நாலு பக்கம் படித்தார். தூங்கிவிட்டார். டேங்க் பக்கம் ஒரு பூனைகூட வரவில்லை.

நாற்பதாவது நிமிடம் போனில் மணி அடித்தது. எழுந்து முகம் கழுவிக்கொண்டார்.

"ஒவ்வொரு தடவையும் இங்க எதுக்குத் தம்பி நிறுத்துறீங்க?"

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதானேம்மா சொன்னீங்க."

"நானா?"

"சாவி குடுத்தப்போ. நாலு மணி நேரம் ஓடினா மோட்டாரை அணைச்சு நாப்பது நிமிஷம் ஆறவிடணும், இல்லேன்னா கருகிடும்னு."

தையல் ஆலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் முப்பத்தொரு வருடமாக அவள் சொல்லிவந்த வார்த்தை அது. பழக்கதோஷத்தில் வாய் சொல்லியிருக்கிறது. [இரண்டாம் பகுதிக்குப் போய் நிரப்பிக்கொள்ளுங்கள்.]

"ஐயோ தம்பி, அது தையல் மெஷினுக்கு."

"தெரியும்மா. லாரி இன்ஜினுக்கு அதெல்லாம் தேவையே இல்ல. பதினெட்டு வருஷமா ஓட்டுறேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கேட்டா, வேணாம்னு சொல்லிட்டீங்கன்னா? சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னுதான் எல்லா முதலாளியும் சொல்லுவாங்க. நில்லுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்ட வந்தப்புறம்தான்மா கண்ணு எரியாம வீட்டுக்குப் போறேன். என் பொண்ணுகூட கேட்டா, 'என்னப்பா, இப்பல்லாம் சாப்பிடும்போது பேசுறே'ன்னு."

மெஷினம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கைப்பைக்குள் அந்தச் சீட்டு இருந்தது. மீதி மூன்று மணி நேரமும் சொல்ல வாய் வரவில்லை.

5

திங்கட்கிழமை புது டிரைவர் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மேலாளர் பிரச்சினையையும் பழுது பார்த்தாள். சரக்கு ஏறியபின், சரக்குச் சீட்டில் கையெழுத்து வாங்குகிற வரிசையில் டிரைவர் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. இப்போது அவளே முதல் பஸ்ஸில் போய் வரிசையில் நிற்கிறாள். கடைசிப் பெட்டி ஏறும்போது சீட்டு தயாராக இருக்கிறது. வண்டி முன்னதாகப் புறப்படுகிறது; நடுவில் நிற்கவும் நிற்கிறது. மேலாளர் இப்போது பேசுவதில்லை. அவர் பேசாமலிருப்பதே பாராட்டு.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். அவரிடம் சொல்வது.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். படித்துவிட்டுச் சிரிக்கிறார். படித்துவிட்டுச் சாவியை மேஜைமேல் வைக்கிறார். மூன்றாவதில் அவர் படித்து வருத்தப்பட எதுவுமே இல்லை. திருடன் என்று வருகிற பக்கங்களையெல்லாம் கிழித்துவிட்டுக் கொடுத்துவிடுகிறோம். இது நல்ல யோசனையாகத்தான் எனக்குப் பட்டது. மாடிக்குப் போய்க் கேட்டேன்.

"வேணாம் அக்கா. ஊசி வளைஞ்சிருக்கறது தெரிஞ்சும் மெஷினைக் குடுத்தா, தைக்கிறவ கையிலதான் குத்தும். முழுசா குடுங்க" என்றாள். நான் படி இறங்கும்போது, "ஒரு வரி மட்டும் சேத்துக்குங்க. எனக்கு ஓட்டத் தெரியாததாலதான் அந்தத் தம்பி கிடைச்சாருன்னு."

சேர்த்துவிட்டேன்.

கண்ணுகளா, இதுவரை உடன் வந்ததற்கு நன்றி. முடிவு என்னிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை. நாளைக் காலை இந்தத் தாள்கள் அந்தக் கிழிந்த புத்தகத்துக்குள் இருக்கும்.

தம்பி சுருட்டை, இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் வண்டி நிழலில்தான் நின்றுகொண்டிருக்கும். இன்னும் முப்பது நிமிடம் இருக்கிறது. பதிலுக்கு அவசரமில்லை. முதலில் தூங்குங்கள். எழுந்தபின், மனம் இருந்தால், இதை நிரப்புங்கள்.

[டிரைவர் சொன்னது: ____________ ]