ராட்சசனுக்கு யார் மூக்கு?

தொண்ணூற்றைந்தாம் வருஷ நவராத்திரி. கொலு வைத்த முதல் நாள் சாயங்காலம், வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் என் கணவர் வைத்யநாதன் வந்து குண்டைத் தூக்கிப் போட்டார்.

"வசு, உன் ராட்சசன் அப்படியே நம்ம பாலாம்பாள் மாமி மாதிரி இருக்கானே!"

"சும்னே இருங்கோ. ஆபீஸ்லேர்ந்து வந்ததும் வராததுமா என்ன கேலி?"

"கேலி இல்லடி. மூக்கைப் பாரு."

பார்த்தேன். பச்சை முகம், கோரைப் பல், முறுக்கு மீசை. நடுவில், நுனி லேசாக இடப்பக்கம் சாய்ந்த நீண்ட மூக்கு. மைசூரில் நாங்கள் இருக்கும் யாதவகிரியில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் அது யார் மூக்கு என்று சொல்லிவிடுவார்கள். செய்த எனக்கு மட்டும் இத்தனை நாள் தெரியவில்லை.

கலசம் வைத்து ஆரத்தி எடுத்துவிட்டால், விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைக்கும் வரை கொலுவில் எதையும் நகர்த்தக் கூடாது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, கொலுவைப் பொம்பே என்று சொல்லி வைக்கிற கன்னட வீடுகளிலும் அதேதான். வைத்த பொம்மையில் பிரஷ் வைக்கவும் எனக்குத் துணிவில்லை. வெள்ளிக்கிழமை மாமி வருகிறாள், அதுவும் எங்கள் மாதர் சங்கத்துக் கொலுப் போட்டிக்கு நடுவராக.

போன வருஷக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். காகிதக் கூழும் வெந்தயமும் அரைத்து ஒரு கல்யாண ஊர்வலம் செய்திருந்தேன். நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம் ஒழுங்காக வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மாமி பார்த்தாள். "தேவராஜா மார்க்கெட்ல வாங்கினியா? நன்னாருக்கு" என்றாள். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதேன். பல மாதம் கூழைத் தொடவில்லை. இந்த வருஷமும் மாமிக்கு என் கைவேலை தெரியாவிட்டால், எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன்.

எடுத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. ராட்சசன் ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகிறான். வெட்டினாலும் சாகமாட்டான். அவன் உயிர் ஏழு கடலுக்கு அப்பால், ஒரு குகையில், கூண்டுக் கிளிக்குள் இருக்கிறது. படிகளுக்குக் கீழே தரையில் இதைத்தான் பரப்பியிருந்தேன். ராஜகுமாரி பாடாய்ப் படுத்தினாள். எப்படிப் பிசைந்தாலும் பயந்த முகமாகவே வந்தது. ராட்சசனோ ஒரே மூச்சில் வந்துவிட்டான். கை என்னமாய் ஓடுகிறது என்று நானே மெச்சிக்கொண்டேன். அன்றைக்கு ஓடியது என் கோபம் என்று இப்போதுதான் புரிந்தது.

கிளி மட்டும் பாக்கி. கொலுவிலிருந்து எடுக்கத்தான் கூடாது, புதிதாகச் சேர்க்கலாம். மறுநாள் மத்தியானம் கூழோடு உட்கார்ந்தேன். ஒரு தடவை காக்காய் வந்தது, ஒரு தடவை கொழுக்கட்டை வந்தது. எரிச்சலில் ராட்சசனைத் திட்ட ஆரம்பித்தேன்.

"ஏண்டா மடையா, மலை மாதிரி இருக்கே, உயிரை உனக்குள்ளேயே வெச்சுக்கப்படாதோ? எங்கேயோ கூண்டுல வெச்சுட்டு, எவன் வந்து கழுத்தைத் திருகுவானோன்னு ஆயுசு பூரா நடுங்கணுமா?"

சொல்லி வாய் மூடவில்லை, எனக்கே சுருக்கென்றது. நான் மட்டும் என்ன செய்தேனாம்? ஊர்வலம் செய்தபோது இருந்த சந்தோஷத்தையெல்லாம் கொண்டுபோய் மாமியின் வாயில் வைத்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னாள், நான் செத்தேன். என் உயிர் தன்னிடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது, பாவம். உயிரை வெளியே வைத்த ராட்சசன் நான்தான். பயந்து உட்கார்ந்திருந்த ராஜகுமாரியும் நான்தான். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. சின்ன வயசிலிருந்து கேட்கிற கதை, இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு கிளி தானாக வந்தது. காய்ந்ததும் பச்சை பூசினேன். குகைக்குள் கொண்டுபோகவில்லை. கூண்டைத் திறந்தபடி விட்டுவிட்டு, கிளியை ராட்சசனின் தோளில் உட்காரவைத்தேன். கோரைப் பல்லோடு அவன் சிரிப்பது போலிருந்தது. மூக்கு அப்படியேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாமி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வைத்யநாதன் தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கதவை மட்டும் லேசாகத் திறந்து வைத்திருந்தார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். வெகு நேரம் நிமிரவில்லை.

"என்னடி வசு, ராட்சசனுக்கு என் மூக்கு?"

என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"ஆமாம் மாமி. கோபத்துல வந்துடுத்து. போன வருஷம் நான் பண்ணினதைப் பார்த்துட்டு, மார்க்கெட்ல வாங்கினியான்னு கேட்டேள்."

மாமி கண்ணாடியைக் கழற்றினாள். "அந்த நாதஸ்வரக்காரனை நீயா பண்ணினே?"

"நான்தான்."

"அசடே! அவ்வளவு சுத்தமா இருந்தா கடையில வாங்கினதுன்னுதானே நினைப்பா? அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றவள் மறுபடி ராட்சசனைப் பார்த்தாள். "இதை யாரும் கடை பொம்மைன்னு சொல்ல முடியாது. என் மூக்கைக் கடையிலயா விக்கறான்?"

உள்ளே கட்டில் குலுங்கிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமியும் சிரித்தாள். பிறகு நடுவர் முகத்தை வரவழைத்துக்கொண்டாள்.

"ஆனா கதைப்படி கிளி கூண்டுலன்னா இருக்கணும்? இது தப்பு. மார்க்கைக் குறைச்சுடுவேன்."

"குறைச்சுக்கோங்கோ மாமி," என்றேன். "கிளி அங்கேயே இருக்கட்டும்."

மாமி காகிதத்தில் என்னவோ எழுதினாள். எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே அவளுக்குக் காபி கலக்கப் போனேன்.