குடும்பப் பெயர்: பிச்சை

மதுரை ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"குடும்பப் பெயர் பிச்சைதானே? போன மாசம்கூட உங்க குடும்பத்துல ஒருத்தங்க வந்தாங்க. திண்டுக்கல் பக்கம்தான். பாவம், ரெண்டு குழந்தையும் தங்கலை. தொப்புள்கொடி விழுந்த இடத்துல ரத்தம் நிக்கவே இல்லையாம். அது பரம்பரையா வர்றதுங்க. அம்மா, அப்பா ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும்."

ஹுஸ்னாவுக்கு ஆறாவது மாதம். சொந்தத்தில் கட்டிய கல்யாணம் என்பதால், இரண்டு பக்கத்துக் குடும்ப விவரமும் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எங்களுக்கு அப்படியெல்லாம் குடும்பப் பெயர் கிடையாதுங்க" என்று பக்கத்திலிருந்த கணவன் ஆசாதைக் காட்டி ஹுஸ்னா சிரித்தாள். "பாஸ்போர்ட்டுல அந்தக் கட்டத்தை நிரப்பணும்னு இவுக அத்தா பேருலேர்ந்து பாதியைப் போட்டாங்க. மாமா பேரு மைதீன் பிச்சை."

"அப்ப பிச்சைன்னா என்ன?"

வாய்வரை வந்த பதிலை ஹுஸ்னா விழுங்கிக்கொண்டாள். திண்டுக்கல்லில் பிறந்த யாருக்கும் அது தெரியும். பிறக்கிற பிள்ளையெல்லாம் தங்காமல் போகிற வீட்டில், அடுத்தது பிறந்ததும், 'இது எங்க பிள்ளை இல்லை, பிச்சையா வந்தது' என்று சாவை ஏமாற்றிவிட வைக்கிற பெயர். முஸ்லிம் வீடு, இந்து வீடு, வேதக்கார வீடு எல்லாவற்றிலும் உண்டு. ஒரு பிச்சை உயிரோடு நடமாடுகிறார் என்றால், அவருக்கு முன்னால் சில பிள்ளைகள் மண்ணுக்குள் இருக்கின்றன என்று அர்த்தம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆசாத் கிண்டல் செய்தான். "இந்த பஸ்ஸுலயே 'ஏலே பிச்சை'ன்னு கத்துறேன், நாலு பேரு திரும்புவான் பாரு. அம்புட்டுப் பேரும் எனக்குச் சொந்தமா?"

"கத்தாதீங்க மச்சான்" என்றாள். அவள் கை வயிற்றின் மேலேயே இருந்தது.

வீட்டில் கொய்யா மணத்தது. ஆயக்குடிக் கொய்யாத் தோப்பிலிருந்து காத்தமுத்து பெரியத்தா வந்து ஒரு மூட்டை இறக்கிவிட்டுப் போயிருந்தார். முதல் பறிப்பு எப்போதும் இந்த வீட்டுக்குத்தான். தாத்தா காலத்துக் கொய்யா வியாபாரப் பழக்கம். ஆசாத் அவரைப் பெரியத்தா என்று கூப்பிடுவதும், மாமியார் பக்ருன்னிசா அவரைக் கண்டால் கணவனின் அண்ணனைக் கண்டதுபோல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வதும், பிரியத்தால் வந்தவை என்றே ஹுஸ்னா நினைத்திருந்தாள்.

மதுரைக்கு வந்த அந்தப் பிச்சைக் குடும்பம் யார் என்று மறுநாள் முதல் அவள் தேட ஆரம்பித்தாள். கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலையே அதுதான். பழைய அட்டை இழுப்பறையைத் திறந்தாள். என்றைக்கோ இருந்த ஒருவர் வெள்ளைக்கார முறைப்படி எல்லாப் பெயரையும் பின்னிருந்து முன்னாக எழுதியிருந்தார். பிச்சை, அந்தோணி. பிச்சை, சையது. பிச்சை, பீர். கவிதை எழுதியவரும் கணக்குப் புத்தகம் போட்டவரும் ஒரே வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்கள்போல வரிசையாக நின்றார்கள். இத்தனை நாள் அந்த அட்டைகளைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இன்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தொட்டில் காலியாக ஆடுவதுபோல இருந்தது.

பள்ளி ஆண்டு மலர், சங்க மலர், திருவிழா மலர் என்று ஒன்றைவிடாமல் புரட்டினாள். தொப்பம்பட்டிப் பக்கத்துத் தேவாலய மலர் ஒன்றில் அமலன் பிச்சை என்றொரு பெயர் கிடைத்தது. கூடவே போன் நம்பர். தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள். மதுரைக்குப் போனது அவர் மகள்தான். அவர்களுக்கும் ஆசாத் வீட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"நான் சொல்லல?" என்றான் ஆசாத். "இப்பவாச்சும் சாப்பிடு."

சாப்பாடு இறங்கவில்லை. அவர் யாராகவோ இருக்கட்டும். மாமாவுக்கு ஏன் பிச்சை என்று பெயர் வைத்தார்கள்?

ஜமாஅத் அலுவலகத்தில் பழைய அடக்கப் பதிவேடு இருந்தது. அங்கிருந்த பெரியவர், "பிள்ளைத்தாச்சி பாக்குற புஸ்தகமாம்மா இது?" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். இஷாக் ராவுத்தர் ஆண் குழந்தை. இஷாக் ராவுத்தர் பெண் குழந்தை. மறுபடி ஆண். பேர்கூட வைக்காத பிள்ளைகள். காரணம் எழுதும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்: ரத்தம்.

எழுத்துகள் கலங்கின. இஷாக் ராவுத்தர் ஆசாதின் தாத்தா. அவருடைய தங்கைதான் ஹுஸ்னாவின் அத்தாவைப் பெற்றவள். அந்த ரத்தம் அவனிடமும் இருக்கிறது, அவளிடமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இப்போது உள்ளே காலை உதைக்கிறது.

வீட்டுக்கு வந்து அடுப்படிச் சுவரோரம் அப்படியே உட்கார்ந்தாள். பக்ருன்னிசா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"என்னத்தா? வலிக்குதா?"

"மாமி, மாமாவுக்கு முந்திப் பிறந்ததெல்லாம் ரத்தம் போய்த்தான் மௌத்தாச்சா?"

மாமியார் வாசலைப் பார்த்தாள். ஆசாத் தோல் கிடங்கிலிருந்து வர நேரமிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து மருமகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க மாமா அந்த வீட்டுல பிறந்த பிள்ளை இல்லத்தா."

"மாமி!"

"எல்லாரும் பேருக்குப் பிச்சைன்னு வைப்பாக. இவுக நெசமான பிச்சை. ஆயக்குடியிலேர்ந்து கொய்யா கொண்டாறாகல்ல, அவுகளைப் பெத்த அய்யம்மா. இஷாக் ராவுத்தர் அவுக தோப்புல காய் எடுக்கிறவரு. கடைசியாப் போன பிள்ளையை அடக்கிட்டு, அங்க போய் மரத்தடியில உக்காந்து அழுதிருக்காரு. அந்தம்மா மடியில கிடந்த கடைக்குட்டியை எடுத்து அவரு துண்டுல போட்டுருச்சாம். என் கல்யாணமான வருசம் உங்க மாமாவே சொன்னாக. நான் போன பிறகு ஆசாதுகிட்டச் சொல்லுன்னாக. அவுக போய்ட்டாக. எனக்குத்தான் வாய் வரலை. ஊரு என்ன பேசுமோ, பிள்ளை என்ன நினைக்குமோன்னு இத்தனை வருசமா வயித்துல நெருப்பு."

அப்படியானால் ஆசாதிடம் அந்த ரத்தம் இல்லை. ஹுஸ்னாவுக்கு மூச்சு திரும்பியது. அடுத்த நிமிடமே மறுபடி அடைத்துக்கொண்டது. பிள்ளைத்தாச்சி அழுகிறாளே என்று மாமி கட்டிச் சொல்லும் கதையோ? எந்தப் புத்தகத்தில் தேடினாலும் இது கிடைக்கப் போவதில்லை.

அந்த வார இறுதியில் காத்தமுத்து இன்னொரு மூட்டையோடு வந்தார். மாமியார் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஹுஸ்னா டீயை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஏனுங்க அம்மிணி, முகமெல்லாம் வாடிக் கெடக்குது? கொய்யா தின்னுங்க, புள்ள செவப்பாப் பொறக்கும்."

"பெரியத்தா, உங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்களுக்கு ரத்தம் நிக்காம போனது உண்டா? தொப்புள்ல..."

"எங்க வீட்டுலயா?" அவர் சிரித்தார். "அதெல்லாமில்லீங்க. எங்காத்தா பெத்ததுல ஒண்ணுகூடத் தொட்டில்ல போகலீங்."

"நீங்க ஏழு பேருல்ல?"

ஊரெல்லாம் அறிந்த கணக்கு அது. ஏழு பிள்ளை பெற்ற அய்யம்மாள் வீடு என்று அவரே எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன அவர் கை நின்றது. ஹுஸ்னாவின் முகத்தைப் பார்த்தார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் முக்காட்டின் ஓரம் அசைவதைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த மைதீன் பிச்சையின் போட்டோவை வெகுநேரம் பார்த்தார்.

"எட்டுங்க, அம்மிணி" என்றார்.

ஹுஸ்னா தன் துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.