லுவேனியா மூடச் சொன்ன வாய்கள்

அர்செல்லாவைச் சபையை விட்டு நீக்கி ஒரு பருத்திப் பருவம் முடிந்துவிட்டது. சனிக்கிழமைகளில் சாராயக் கொட்டகையில் கிட்டார்க்காரனோடு சேர்ந்து ப்ளூஸ் என்கிற உலகப் பாட்டுப் பாடினாள் என்பது குற்றம். மிசிசிப்பிக் கரையில் இருந்த அந்தக் கறுப்பர் சபையில் திரும்பிச் சேர ஒரே வழிதான். எழுந்து நின்று ஒரு வரி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஜனம் வாங்கிப் பாடினால் அவள் உள்ளே. வாங்காவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான்.

"ஒருத்தியும் வாயைத் திறக்கக் கூடாது" என்று பெண்கள் சங்கத் தலைவி லுவேனியா வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தாள். அர்செல்லாவுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் மஞ்சள் தொப்பியும் அதுவுமாக வந்து சேர்ந்தாள்.

வாசலிலேயே லுவேனியா மறித்துக்கொண்டாள். "தொப்பியைப் பாரு! கோயிலுக்கு வந்தியா, கொட்டகைக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும் இதேதான்க்கா. எனக்குத் தலை ஒண்ணுதானே?"

"இன்னிக்கு உனக்கு யாரும் பதில் கொடுக்க மாட்டாங்கடி."

"பாக்கலாம். நீங்க பல்லை நல்லா கடிச்சுக்கிட்டு உக்காருங்க."

ஆராதனை நடுவில் போதகர் அவளை எழும்பச் சொல்லிக் கையைக் காட்டினார். அர்செல்லா எழுந்து, எல்லோருக்கும் மனப்பாடமான ஞானப்பாட்டு ஒன்றின் முதல் வரியை எடுத்தாள். விசிறிகள் ஆடின. யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். முன் பெஞ்சில் லுவேனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அர்செல்லா அசரவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். பருத்திக் காட்டில் வெயில் உச்சிக்கு வரும்போது அவள் போடுகிற கூப்பாடு ஒன்று உண்டு. பக்கத்து வரிசைக்காரி பதில் கொடுத்தால் இன்னும் நிற்கிறாள் என்று அர்த்தம். கொடுக்காவிட்டால் மயங்கிச் சாய்ந்துவிட்டாள், பஞ்சு மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்க வேண்டும். அந்தக் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"ஓ... கர்த்தாவே, வெயிலு ஏறுதே...!"

"ஏறட்டும், நான் நிக்கிறேன்!"

பதில் முன் பெஞ்சிலிருந்துதான் வந்தது. இத்தனை வருஷமாகக் காட்டில் அர்செல்லாவுக்குப் பக்கத்து வரிசை லுவேனியாவுடையது. பழக்கத்தில் பதில் கொடுத்துவிட்ட லுவேனியா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? அதற்குள் பின்னாலிருந்த பெஞ்சுகளெல்லாம், "நான் நிக்கிறேன்!" என்று இடி மாதிரி எழுந்துவிட்டன.

"பாவி, ஏமாத்திட்டியேடி!"

"ஏமாத்தலக்கா. உசுரோட இருக்கீங்களான்னு கேட்டேன்."

"இருக்கேன், இருக்கேன்." லுவேனியா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். "அடுத்த வரியைச் சொல்லு. ஜனம் காத்துக்கிட்டிருக்கு பாரு."