பதினேழாம் வரிசை

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மூடியைச் சாத்தப் போனவர்களைக் கோவிந்தம்மா கைகாட்டி நிறுத்தினாள்.

“இருங்கய்யா. கையில இந்தப் பட்டை கீது. ஜாஸ்மினு, கயட்டிடட்டுமாம்மா?”

ஜாஸ்மினின் அம்மா லூர்துவின் இடது மணிக்கட்டில் கறுப்புப் பட்டை. தளர்ந்துவிடக் கூடாதென்று மேலே ஒரு ரப்பர் பேண்டும் போட்டிருந்தாள். ஜாஸ்மின் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஆண்டனி சொன்னார்:

“வுடு கோயிந்தம்மா. பொண்ணு கட்டி வுட்டது. மாதா கோயில் வரிக்கும் காமிச்சிக்கினு திரிஞ்சா. அதோடவே போவட்டும்.”

மூடியைச் சாத்தினார்கள். பெட்டி உறுமத் தொடங்கியது.

நேற்றுப் பகல் ஒன்றரைக்கு, வஞ்சிரத்தை எடை போட்டுக்கொண்டிருந்தவள் தராசின் மேலேயே சாய்ந்துவிட்டாள். வெயில் தாக்கிவிட்டது என்றார் டாக்டர்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் முப்பது பெண்களுக்கு அந்தப் பட்டையைக் கட்டியது ஜாஸ்மினின் குழு. எம்.எஸ்ஸி. டேட்டா சயன்ஸ், கடைசி வருட ப்ராஜெக்ட். உடம்புச் சூடு எல்லை தாண்டினால் கணினியில் அவர்களுடைய வரிசை சிவக்கும். மூன்று நாள் தொடர்ந்து சிவந்தால் நர்ஸ் வருவாள். எல்லைக்குக் கீழே எதுவானாலும் பச்சை. அந்த விதியை எழுதியவள் ஜாஸ்மின்தான்.

பதினேழாம் வரிசை அம்மா. மூன்றாம் நாளும் அது சிவப்பிலேயே நின்றது. பக்கத்துக் கடை கோவிந்தம்மாவோ பச்சை. “ரெண்டு பேரும் ஒட்டி உக்காந்திருக்காங்க, அதெப்படி?” என்று உடன் படிக்கும் விஜயராகவன் கேட்டபோது ஜாஸ்மினுக்கு முகம் சுட்டது. முதல் நர்ஸ் தன் வீட்டுக்கே போனால் என்ன நினைப்பார்கள்? “சென்ஸர் கெட்டுப்போச்சு, எடுத்துடு” என்றாள். அந்த வரிசையை மறைத்தபின் அட்டவணை முழுக்கப் பச்சையாக, பார்க்க அழகாக இருந்தது.

அம்மாவிடம் இருந்தது ஒரே குடை. அதை மீனுக்கு விரித்துவிட்டு வெயிலில் உட்காருவாள். பள்ளிக்கூட நாளிலிருந்து ஜாஸ்மின் பார்த்ததுதான். ப்ராஜெக்ட் படிவத்தில் ‘கடையில் நிழல் உண்டா?’ என்ற கேள்விக்கு அம்மாவுக்கு ‘உண்டு’ என்று நிரப்பியவளும் அவளே.

விஜயராகவன் மாலையோடு வந்தான். மயிலாப்பூரிலிருந்து நடந்தே வந்திருப்பான் போல, சட்டை நனைந்திருந்தது.

“என்ன சொல்றதுன்னே தெரியல ஜாஸ்மின். ரிப்போர்ட்ட அம்மாவுக்கு சமர்ப்பணம் பண்ணலாம்னு மேடம் சொன்னாங்க.”

ஆண்டனி அவனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். “குந்து தம்பி. நீயும் இதே படிப்புதான?”

“ஆமா அங்கிள்.”

“அந்த வாட்சு ஒண்ணுமே சொல்லலியா?”

விஜயராகவன் ஜாஸ்மினைப் பார்த்தான். ஆண்டனியும் திரும்பி அவளைப் பார்த்தார். சொல்லிவிடலாம். நாலே வார்த்தைதான்.

“அது ரிப்பேர் நைனா.”

“ரிப்பேரா? என்து ஓடிக்கினு கீதே!” கோவிந்தம்மா தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். “எல்லாம் அவ ராசி. புதுக் கத்தி வாங்குனாகூட அவளுக்கு மொண்ணையாத்தான் வரும்.”

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

“அதான பாத்தேன்,” என்றார் ஆண்டனி. “அது ஒயுங்கா வேல செஞ்சிருந்தா எம்பொண்ணு வுட்ருக்குமா?” மகளின் தலையில் கை வைத்துவிட்டுப் பந்தல்காரனோடு பேசப் போனார். விஜயராகவன் குனிந்து தன் செருப்பைத் தேடினான்.

பந்தலுக்கடியில் சாய்வெயில் நுழைந்து கண்ணாடி மேல் விழுந்தது. கோவிந்தம்மா உள்ளே போய் லூர்துவின் மீன் குடையை எடுத்துவந்தாள். செதில் ஒட்டிய அதை விரித்து, பெட்டியின் தலைமாட்டில் சாய்த்துவைத்தாள்.

ஜாஸ்மின் போனைத் திறந்தாள். மறைத்த வரிசையை மீட்டாள். பட்டை இன்னும் உடம்புச் சூட்டின் எண்களை அனுப்பிக்கொண்டிருந்தது. பத்தொன்பது. பதினெட்டு.

பதினேழாம் வரிசை பச்சையாக இருந்தது.