ராஜகிரிப் படியில் கேட்ட குரல்

செஞ்சிக் கோட்டையில் தினக்கூலிக் காவலாளி நான். பேர் அரிகிருஷ்ணன். பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "தேசிங்கு ராஜா செத்த எடம் எது?" அட, அந்த மனுஷன் ஆண்டதே பத்து மாதம். அதற்கு முன்னும் பின்னும் மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர் என்று எத்தனை படை இந்த மலைமேல் கண் வைத்தது! பேர் ஊர் தெரியாமல் எத்தனை சிப்பாய்கள் இந்தப் படிகளில் விழுந்து செத்தார்கள்! அவர்களைப் பற்றிக் கேட்க நாதியில்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அவர்களை மறப்பதில்லை. சித்திரைத் திருவிழாவில் ராஜகிரி மேலிருக்கும் கமலக்கண்ணியம்மனுக்கு நேர்ந்துகொண்டால், பச்சரிசியும் வெல்லமும் போட்ட பானையைத் தலையில் வைத்து, கோயில் வரை இறக்காமல், திரும்பிப் பார்க்காமல் ஏற வேண்டும். அந்தச் சிப்பாய்கள் நமக்கு வேண்டியவர்களின் குரலில் பின்னாலிருந்து கூப்பிடுவார்களாம். திரும்பினால் நேர்த்திக்கடன் பாழ். என் நைனா எனக்குச் சொன்னது இது. அவருக்கு அவர் நைனா சொன்னது.

அறுபத்து நாலில் நான் நேர்ந்துகொண்டது என் மனைவி செல்லம்மாளுக்காக. அவளுக்கு இளைப்பு. பனிக்காலம் வந்தால் படுக்க முடியாது, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிப்பாள். ஊசி, கஷாயம் எதற்கும் அடங்கவில்லை.

"நீ கீழயே இரு," என்றேன்.

"எனக்குத்தானே வேண்டிக்கின? நான் வராம நீ போயி இன்னா பண்ணுவ? குந்திக் குந்தி வரேன் மாமா. நீ போய்க்கினே இரு." பிடித்தால் பிடித்த பிடிதான் அவள்.

கல்யாண மகாலைத் தாண்டி, களஞ்சியத்தைத் தாண்டி ஏறினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு வாசலைக் கடந்து கொஞ்சம் மேலே போனதும் பின்னால் கேட்டது.

"மாமா, கொஞ்சம் நில்லு."

அவள் குரலேதான். தாயே, தாயே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். மறுபடியும், "மாமா!" பானையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது. ஓடினால் அவள் இளைப்பு தீராதே! அப்புறம் மூன்றாவது தடவை.

"அரிகிருஷ்ணா!"

அப்பாடா என்றிருந்தது. ஒன்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு நாள்கூட அவள் வாயில் என் பேர் வந்ததில்லை. ரேஷன் கடையில் புருஷன் பேர் கேட்டால், "புல்லாங்குழல் ஊதற சாமி பேருங்க," என்பாள். பஜனையில் எல்லாரும் கிருஷ்ணா கிருஷ்ணா என்று பாடும்போது இவள் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். அப்படிப்பட்டவளா பேர் சொல்லிக் கூப்பிடுவாள்? சிப்பாய்தான், சந்தேகமே இல்லை. யாரை ஏமாத்தப் பாக்கற என்று சிரித்துக்கொண்டே ஏறினேன். சிரித்தேன், சாமி! இந்த வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டாமா?

அம்மன் முன்னால் பானையை இறக்கிக் கற்பூரம் கொளுத்திய பிறகுதான் திரும்பினேன். அவளைக் காணோம். விழுந்தடித்து இறங்கினேன். வாசல் நிழலில், மோர் விற்கிற மீனம்பாள் மடியில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"பாவி மனுஷா!" என்று மீனம்பாள் கத்தினாள். "தொண்டை கிழியக் கூப்ட்டாளே! மாமான்னு கூப்ட்டும் திரும்பலன்னு, பாவம், உன் பேரகூட சொல்லிக் கூப்ட்டா. காதுல இன்னா ஈயத்தையா காச்சி ஊத்திக்கின?"

செல்லம்மாள் கண்ணைத் திறந்தாள். என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"அது நானில்ல மாமா," என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "உன் பேர... நான்... சொல்லுவனா?"

கட்டில் கொண்டுவந்து கீழே தூக்கிப் போனோம். கல்யாண மகால் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாலு வருஷம் ஆகிறது. அவளே இல்லையென்று சொல்லிவிட்டாள், மனசைத் தேற்றிக்கொள் என்கிறார்கள் ஊரில். எனக்காக அவள் சொன்ன பொய்யை நான் எப்படி நம்புவேன்? கட்டினவன் பேரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று பயந்தவள், ஆயுசிலேயே ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னா என்றுகூட நான் கேட்கவில்லை.