முந்திரிக் கொட்டகையில் இருமியவர்கள்

மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. ஆண்டிமடத்துக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் வறுவல் டிரம் சுழன்றுகொண்டிருந்தது. கருகிய கொட்டையின் காரப் புகை கூரைவரை எழுந்து, போக வழியில்லாமல் திரும்ப இறங்கி, வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் தலைமேல் படிந்தது. ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு கல், கையில் ஒரு கட்டை, பக்கத்தில் ஒரு சாம்பல் சட்டி. சாம்பல் பூசாமல் கொட்டையைத் தொட்டால் அதன் எண்ணெய் விரலைப் பொசுக்கிவிடும். டக் டக்கென்று தோடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரும் பேசவில்லை. யாரும் இருமவும் இல்லை.

மதலேனம்மாள் முந்தானை நுனியைச் சுருட்டிப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டிருந்தாள். இருமல் நெஞ்சுக்குழிக்குள் பிறாண்டியது. எச்சிலை விழுங்கி, மூச்சை அடக்கி, கட்டையை ஓங்கிப் போட்டாள். அந்தச் சத்தத்துக்குள் ஒரு சின்னச் செருமலை ஒளித்துவிட்டு, பயத்தோடு ஆபீஸ் அறைக் கதவைப் பார்த்தாள். கதவு திறக்கவில்லை.

மார்கழி பிறந்ததிலிருந்து கொட்டகையின் ஷட்டர்களை இறக்கியே வைக்கச் சொல்லியிருந்தார் முதலாளி மணிவேல். பனிக்காற்று பட்டால் பருப்பு நமத்துவிடுமாம். பருப்பு நமக்கவில்லை. உள்ளே இருந்தவர்களின் நெஞ்சுதான் கட்டியது. போன வாரம் மருதாயிக்கு இருமல் நிற்காமல் வந்தது. மணிவேல் அவள் முன்னால் வந்து நின்றார். "இருமுற கை பருப்பு மேல படக்கூடாது. சரியானப்புறம் வா" என்றார். மறுநாளே மருதாயியின் கல்லுக்கு முன்னால் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு அந்தக் கொட்டகையில் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. அப்படித்தான் எல்லோரும் நடித்தார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றும் தூரத்தில் இல்லை. அதே ரோட்டில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே சீட்டுக் கொடுக்கும் காலைநேரத்தில் இவர்கள் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியே போனாலும் போனது முதலாளி காதுக்கு எட்டிவிடும். பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்கு வந்தார்கள்.

மதலேனம்மாளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் புருஷன் சவரியாரும் ஒரு பனிக்காலம் முழுக்க இப்படித்தான் இருமலை மறைத்தார். "வெறும் சளிதான் புள்ள" என்பார். அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது துண்டெல்லாம் ரத்தம். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். அந்தச் சொல் இன்றைக்கும் அவள் வயிற்றில் கிடக்கிறது. தன் சளியைச் சோதித்தால் அதே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அந்தப் பயம். ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டு, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பாள்.

பக்கத்துக் கல்லில் கட்டைச் சத்தம் நின்றது.

தேவயானி, போன தையில் கல்யாணமாகி ஊருக்கு வந்த பெண். சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு என்று மதலேனம்மாளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இப்போது இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோள்களைத் தூக்கி, காற்றை எட்டிப் பிடிக்கிறவள் மாதிரி வாயைத் திறந்திருந்தாள். நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வந்தது.

"யக்கா..." என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

டிரம்முக்குக் கொட்டை அள்ளிப்போடும் கலையரசி ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். கட்டைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அமைதி கேட்டு மணிவேல் வெளியே வந்தார்.

"என்ன வேடிக்கை? உக்காந்து வேலையப் பாருங்க."

"புள்ளைக்கு மூச்சு வரல மொதலாளி," என்றாள் கலையரசி. "நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க." செல்போன்களை நுழையும்போதே வாங்கி ஆபீஸ் அறையில் பூட்டிவிடுவது அங்கே வழக்கம்.

"பனியில வந்தா நெஞ்சு கட்டத்தான் செய்யும். டீ குடுங்க, சரியாயிடும்."

"டீ எறங்குற நெலமையிலயா இருக்கு? பாருங்க."

மணிவேல் பார்க்கவில்லை. "ஆம்புலன்ஸ் வந்து என் வாசல்ல நிக்கணுமா? பருப்பு எடுக்க வர்றவன் என்ன நெனப்பான்? லோடு வண்டி ஜெயங்கொண்டம் போயிருக்கு. வந்ததும் நானே டவுனுக்கு அனுப்புறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் உக்காரட்டும்."

மதலேனம்மாள் தேவயானியின் உதட்டைப் பார்த்தாள். நாவல்பழம் தின்ற உதடு மாதிரி கறுத்து வந்தது. கடைசி நாளில் சவரியாரின் உதட்டில் பார்த்த அதே நிறம். எழுந்தது எப்படி என்று பிறகு கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. எழுந்துபோய், சாம்பல் பூசிய கையாலேயே ஷட்டரின் அடிவிளிம்பைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏய் மதலேனு, எறக்கு அத."

அவள் இறக்கவில்லை. இன்னும் இரண்டு பெண்கள் வந்து கைகொடுத்தார்கள். ஷட்டர் கிறீச்சிட்டு மேலே போனது. பனி உள்ளே வந்தது; புகை வெளியே போனது.

மூட்டை தள்ளும் வண்டியில் சாக்கை விரித்துத் தேவயானியைச் சாய்த்து உட்காரவைத்துத் தள்ளினார்கள். ரோடே தெரியவில்லை. வெள்ளைத் துணியைக் கண்ணுக்கு முன்னால் தொங்கவிட்டது போலப் பனி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் சிமெண்டு ஆலைக்குப் போகும் நேரம். கலையரசி முன்னால் ஓடி முந்தானையை வீசிக்கொண்டே போனாள். திடீரென்று இரண்டு மங்கிய வெளிச்சங்கள், காதைப் பிளக்கும் ஹாரன். பெண்கள் வண்டியோடு புளியமரத்தடிக்கு ஒதுங்கினார்கள். லாரியின் காற்று சேலைகளை இழுத்துவிட்டுப் போனது. "அடைக்கல மாதாவே, அடைக்கல மாதாவே" என்று மதலேனம்மாள் முணுமுணுத்தபடியே இருந்தாள். தேவயானியின் விசில் சத்தம் மெலிந்துகொண்டு வந்தது. அது குறையக் குறைய அவளுக்குப் பயம் கூடியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஏஞ்சல் மேரி டூட்டியில் இருந்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் தேவயானியைக் கட்டிலில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க்கைப் பொருத்தி ஆவி மருந்தை ஓடவிட்டாள். ஆக்சிஜனைத் திறந்தாள். டாக்டர் ஹேமலதாவுக்குப் போன் போட்டு, அவர் சொன்ன ஊசியைப் போட்டாள். பெண்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தேவயானியின் தோள்கள் இறங்கின. கண் திறந்து தேடி, மதலேனம்மாளின் சாம்பல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொழச்சுக்கிச்சு," என்றாள் ஏஞ்சல் மேரி. பிறகு திரும்பி எல்லோரையும் பார்த்தாள். "பனிக்காலத்துல காதக் கட்டிக்கிறதும் வெந்நி குடிக்கிறதும் நல்லதுதான். ஆனா அடைச்ச எடத்துல புகைக்குள்ளயே உக்காந்திருந்தா அதெல்லாம் என்னத்துக்கு ஆவும்? கடை மாத்திரையப் போட்டுப் போட்டு அமுக்கி வெச்சிருப்பீங்க. வேற யாருக்கு இருமல் இருக்கு? ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தா சளி டெஸ்ட் குடுக்கணும்."

வாசலில் பைக் வந்து நின்றிருந்தது. மணிவேல் உள்ளே வராமல் படியில் நின்றார்.

"அந்தப் பொண்ணுதான் தேறிடுச்சே. வேல நடக்குற எடத்த அப்படியே போட்டுட்டு வந்திருக்கீங்க. இப்ப என்கூட வர்றவங்களுக்கு வேல உண்டு. இருமுறவங்க இங்கேயே நின்னுக்கலாம்."

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி வாசல் பக்கம் ஓரடி எடுத்தும் வைத்தாள். மதலேனம்மாளும் வாசலைப் பார்த்தாள். போய்விடலாம் என்றுதான் தோன்றியது. பேசாமல் போய்க் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொள்ளலாம். ஆனால் தேவயானி அவள் கையை விடவில்லை.

"எனக்கு இருக்கு," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னாள்: "எனக்கு இருமல் இருக்கு நர்சம்மா. ஐப்பசியிலேருந்து."

அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வந்தது. குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினாள். அவள் ஓய்வதற்குள் கலையரசி சொன்னாள்: "எனக்கும் இருக்கு." வாசல் பக்கம் அடி எடுத்துவைத்தவள் நின்றாள். "எனக்கும்" என்றாள். பிறகு வந்த குரல்கள் யார் யாருடையவை என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மணிவேலின் முகம் சிவந்தது. "அப்ப எல்லாருமே வூட்டுல கெடங்க. மீன்சுருட்டியில ஆளா இல்ல?"

"இருப்பாங்க," என்றாள் கலையரசி. "அவங்களுக்கும் நெஞ்சு இருக்கும் மொதலாளி. ஷட்டரத் தொறந்து வையுங்க, புகை போக வழி பண்ணுங்க. ஒடம்புக்கு முடியலன்னா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போக விடுங்க. மருதாயியத் திரும்பக் கூப்பிடுங்க. அன்னைக்கு நாங்க வரோம். அதுவரைக்கும் ஒருத்தியும் கல்லு முன்னால உக்கார மாட்டோம்."

பைக் சத்தம் பனிக்குள் போய் மறைந்தது. ஏஞ்சல் மேரி மதலேனம்மாளின் கையில் சளி எடுக்கும் டப்பாவைக் கொடுத்தாள்.

"அந்த நோயா இருந்துட்டா?" என்று கேட்டாள் மதலேனம்மாள்.

"இருந்தா மாத்திரை இங்கேயே தரோம். ஒழுங்கா சாப்பிட்டா சரியாயிடும். மறைச்சு வெக்கிறதுதான்கா ஆபத்து."

அங்கிருந்து நேரே மருதாயி வீட்டுக்குப் போனார்கள். போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளை எழுப்பிக் கூட்டிவந்து சீட்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் விடியலில் கொட்டகை வாசலில் எல்லோரும் காதை மூடித் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலை ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. சளிச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. மதலேனம்மாள் இரவு முழுக்க ஜெபமாலையை உருட்டியிருந்தாள்.

மீன்சுருட்டியிலிருந்து வேன் வந்தது. மணிவேல் கதவைத் திறந்துவிட்டு, "எறங்குங்க, எறங்குங்க" என்று அவசரப்படுத்தினார். அறிமுகமில்லாத பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி, எதிரே நிற்கிறவர்களைப் பார்த்து மிரண்டு நின்றார்கள். கலையரசி அவர்களிடம் சண்டைக்குப் போகவில்லை. நேற்று நடந்ததைச் சொன்னாள். தேவயானி இன்னும் கட்டிலில் இருப்பதைச் சொன்னாள். தங்கள் இருமலைச் சொன்னாள். மணிவேல் இடையிடையே அதட்டினார். அவர்கள் இவள் சொல்வதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக இறங்கியவள் மெலிந்த உருவம். வேன் கதவைப் பிடித்தபடி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். பயந்துபோய் முதலாளியை ஒருமுறை பார்த்தாள். பிறகு மதலேனம்மாளிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்: "யக்கா, அந்த ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?"

மதலேனம்மாள் கையை நீட்டினாள். பனியில் எதுவும் தெரியவில்லை.

"வா, நானும் வரேன்," என்று சொல்லிவிட்டு அவளோடு நடந்தாள். பின்னால் காலடிச் சத்தங்கள் கேட்டன. திரும்பிப் பார்த்தாள். வேனில் வந்தவர்களில் இரண்டு பேர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள்.